கல் கட்டாத புடலங்காய்

மேலப்பூவனூரில் புடலைக்குப் பந்தல் போட்டிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பூ உதிர்ந்த மூன்றாம் நாள் பிஞ்சின் நுனியில் வாழைநாரால் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுவிட வேண்டும், விட்டால் அது தன் இஷ்டத்துக்கு வளைந்துகொண்டு போய்விடும் என்று. ஆனால் எவ்வளவு தூரம் போய்விடும் என்பது அந்த ஆவணி மாதம் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த ஊரில் கல் கட்ட மறந்தவர்கள் அதுவரை யாருமே இருந்ததில்லை.

மறந்தவள் ஆவுடையம்மாள். அவள் மறக்கிற ஆளே கிடையாது. கிணற்றடித் தெருவில் கடைசி வீடு அவளுடையது, புறவாசலில் நாலு சென்ட் தோட்டம், அதில் கத்தரி, வெண்டை, அவரை, ஓரத்தில் முருங்கை, நடுவில் புடலைப் பந்தல். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு இருக்கிற ஒரே கிறுக்கு என்னவென்றால், அடுப்பில் உலையை ஏற்றிவிட்டுத்தான் தோட்டத்துக்குள் இறங்குவாள். அரிசி களைந்து போட்டு அது வெந்து முடிவதற்குள் காயைப் பறித்து, கழுவி, அரிந்து, தாளித்து இறக்கியாக வேண்டும், காலையில் பறித்த காயை மதியம் சமைப்பதுகூட அவளுக்குப் பழையதுதான். பெரிய கைவேலை ஒன்றும் இருக்காது. கடுகு, உளுந்து, ஒரு இணுக்குக் கறிவேப்பிலை, பிறகு தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் அம்மியில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அவள் புருஷன் சங்கரபாண்டியன், பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர், முப்பத்தைந்து வருஷமாக அதைச் சாப்பிட்டுவிட்டு ஒரு “ம்” சொல்லிக் கை கழுவுகிறார். அந்த “ம்” நீளமாக வந்தால் ஆவுடைக்குச் சாயங்காலம் வரைக்கும் சந்தோஷம்.

இப்பேர்ப்பட்டவள் எப்படி மறந்தாள் என்றால், வியாழக்கிழமை மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்துவிட்டது. உலகம்மாள் வீட்டைக் காலி பண்ணுகிறாளாம், அடுத்த வியாழக்கிழமை வேன் வருகிறதாம், ஓசூரில் மகனோடு போய் ஒரேயடியாக இருக்கப்போகிறார்களாம். ஆவுடை மாவுத் தூக்கை வாங்க மறந்து வீடு வரைக்கும் வந்துவிட்டாள். உலகம்மாள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. வாய்க்கால் தெருவில், நாலு தெரு தள்ளித்தான் வீடு. அந்த நாலு தெருவைப் பதினோரு வருஷமாக இரண்டு பேரும் தாண்டவில்லை.

அந்தச் சண்டை ஊருக்கே தெரிந்த சண்டை, மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஆவுடையின் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், பெரிய சட்டி நிறைய அவியல் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போன நேரத்தில், நாகர்கோவிலில் வாக்கப்பட்டு அந்தப் பக்கத்துச் சமையலெல்லாம் படித்துக்கொண்டு, புருஷனுக்கு மாற்றலாகி இந்த ஊருக்கே திரும்பி வந்திருந்த உலகு, ஆசையாக அதில் ஒரு தூக்குத் தயிரைக் கொட்டிக் கிளறிவிட்டாள். குளித்துவிட்டு வந்த ஆவுடை பார்த்தாள். சம்பந்தி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக்கூடப் பார்க்காமல், “இவ கை பட்டா எதுவும் உருப்படாது” என்று சொல்லிவிட்டாள். உலகுக்கு அப்போது கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், வயிற்றில் இரண்டு தங்காமல் போன பிறகு ஒற்றைப் பிள்ளை. கரண்டியைக் கீழே வைத்தாள், பிள்ளையைக் கையில் பிடித்தாள், போனாள். மறுநாள் தாலி கட்டுகிற நேரத்தில் சித்தி எங்கே என்று பொண்ணு மணையில் இருந்தபடி தேடினாள். அந்தப் பார்வையை ஆவுடை இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை. சொன்னது தப்பு என்பது சொன்ன அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நாலு தெரு தள்ளிப் போய்ச் சொல்லத்தான் அவளால் முடியவில்லை.

ஆக, வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய கல்லை அவள் கட்டவில்லை. சனிக்கிழமை காலையில் உலை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால், பிஞ்சு பந்தலைவிட்டு இறங்கி, வெண்டைப் பாத்தியைச் சுற்றிக்கொண்டு, மதில்மேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, வெள்ளையும் பச்சையுமாக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். ஆவுடை அதை ஒரு முழம் அரிந்து பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். சோறு வடிக்கிறதுக்குள் அரிந்த இடம் ஒட்டிக்கொண்டது. சங்கரபாண்டியனிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டபடி தோட்டத்தைத் திரும்பிப் பார்த்து, வழக்கத்தைவிட நீளமாக ஒரு “ம்” சொன்னார், கடைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர், தன் வீட்டு அடுக்களை ஜன்னல் வழியாக ஒரு புடலங்காய் உள்ளே வந்து, பாத்திரம் எதையும் தட்டாமல், சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து, முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மதிலோரம் வந்து, ஆவுடையம்மா, உங்க காய் எங்க வீட்டுக்குள்ள போகுது, ஒரு சாண் அரிஞ்சிக்கிடலாமா என்று கேட்டார். ஆவுடை அரிந்துகொள்ளச் சொன்னாள். டீச்சர் தேங்காய்ப்பால் ஊற்றிக் கூட்டு வைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. அன்று மதியத்துக்குள் கிணற்றடித் தெருவில் பன்னிரண்டு வீட்டு அடுப்பில் புடலங்காய்.

திங்கட்கிழமை அது பள்ளிவாசல் தெருவுக்குள் நுழைந்தது. இந்த ஊர் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், தெருவில் ஒரு அதிசயம் வந்தால் அது ஏன் வந்தது என்று கேட்கிறவன் ஒருத்தன்கூடக் கிடையாது, எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி எங்கள் வீட்டுக்கு எப்போது வரும் என்பதுதான். வார்டு கவுன்சிலர் பீர்முகம்மது, எதற்கெடுத்தாலும் கூட்டம் போடுகிறவர், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம் போட்டார். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு சாண், விருந்தாளி இருந்தால் ஒன்றரை, யாரும் விற்கக்கூடாது, நுனியில் யாரும் கை வைக்கக்கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. டீக்கடைக்காரர் எழுந்து தனக்கு எதுவும் இல்லையா என்று கேட்டார். கூட்டத்துக்கு அவர் போட்டுக் கொண்டுவந்திருந்த புடலங்காய் பஜ்ஜியை எல்லோரும் இன்னொரு தடவை எடுத்துக் கடித்துப் பார்த்தார்கள், கடைக்கு மூன்று சாண் என்று தீர்மானத்தைத் திருத்தினார்கள். மினி பஸ்ஸுக்கு என்ன வழி என்பது பெரிய பேச்சாகிப் பாதியில் நிற்கும்போதே பஸ் வந்து ஹாரன் அடித்தது, காய் தரையைவிட்டு ரயில்வே கேட் மாதிரி எழும்பி வழிவிட்டது, பஸ் போனதும் படுத்துக்கொண்டது. அந்தப் பேச்சும் முடிந்தது.

பிறகென்ன, ஊர் தலைகால் தெரியாமல் ஆடியது. ஒரே காய்தான், ஆனால் ஒரு வீட்டு ருசி இன்னொரு வீட்டில் கிடையாது. கடலைப்பருப்புப் போட்டு ஒருத்தி, முட்டை உடைத்து ஊற்றி ஒருத்தி, காய்ந்த கூனி இறால் போட்டு ஒருத்தி, வளையமாக நறுக்கி உள்ளே கைமா அடைத்துப் பொரித்த வீட்டில் வாசல் வரைக்கும் ஆள், உள்ளே இருக்கிற குடலையும் விதையையும் வழித்துப் புளி வைத்துத் துவையல் அரைத்த வீட்டில் அம்மிக்குக் கீழேயே ஆள், எங்கள் வீட்டுக்கு வா உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று கிண்ணம் கிண்ணமாகத் தெருவெல்லாம் நடமாட, வருஷக்கணக்காக வாசலில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தர் சட்டியை ஒருத்தர் வழித்துக்கொண்டிருந்தார்கள். காய் வரத் தாமதமான தெருக்காரர்கள் பொறாமையில் புழுங்கினார்கள். ஜன்னலில்லாத ஒரு வீட்டுக்காரர் அவசரமாகச் சுவரில் ஓட்டை போட்டார். தங்கள் வீட்டை விட்டுவிட்டுத் தாண்டிப் போய்விட்டது என்று ஒரு அம்மாள் அழுதாள், அழுகையைக் கேட்டதுபோல் காய் ஒரு வளைவு வளைந்து பின்னால் வந்து அவள் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

செவ்வாய்க்கிழமை அடிபம்பு முக்கில் அது இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் போனால் மார்க்கெட், சினிமாக் கொட்டகை, பஸ் ஸ்டாண்டு, ஊரே இருக்கிறது. இடது பக்கம் வாய்க்கால் தெருவைத் தவிர ஒன்றும் கிடையாது. இந்தச் செய்தியைச் சங்கரபாண்டியன் வந்து சொன்னபோது ஆவுடை வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள், அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தன் காலே தன்னைக் கேட்காமல் தெருவில் இறங்கி நடந்து போவதை ஊரே பார்த்துக்கொண்டிருப்பது போல வெட்கமாக இருந்தது. அன்றே ஒரு கல்லும் வாழைநாரும் எடுத்துக்கொண்டு அடிபம்பு முக்கு வரைக்கும் போனாள், நுனியில் கட்டினாள். காய் கல்லை இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டினாள். குழவி தடதடவென்று ரோட்டில் உருண்டு போனது. தெருவே கூடிவிட்டது. பீர்முகம்மது வந்து, ஆவுடையக்கா, அது பாட்டுக்குப் போகுது, வாயில்லாத சீவன், அவுத்து விட்டுருங்க என்று கேட்டுக்கொண்டார். அவிழ்த்துவிட்டாள். புறவாசலுக்குத் திரும்பி, கொடியின் தூரில் அரிவாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்தே நின்றாள். காய்க்கிற கொடியை அந்த ஊரில் யாரும் வெட்டமாட்டார்கள். அவளும் வெட்டவில்லை.

“உனக்கு முன்னால அது போயிரும்போல இருக்கே” என்றார் சங்கரபாண்டியன் பின்னாலிருந்து. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் “ம்” அல்லாமல் பேசினதே குறைவு, அதிலும் இப்படிக் குத்திப் பேசினது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை சாயங்காலம் காய் உலகு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. கதவு சாத்தியிருந்தது. அத்தனை வீட்டிலும் ஜன்னல் வழியாக உரிமையாக நுழைந்த காய், அங்கே மட்டும் திறந்திருந்த ஜன்னலைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் நடையில் நின்றுவிட்டது. நின்றதே தவிர வளர்வது நிற்கவில்லை. வந்தது வந்தபடி சுருண்டு சுருண்டு நடைமேல் ஏறி, காலையில் பார்க்கும்போது கதவின் பாதி உயரத்துக்கு வாசலை அடைத்துக் கிடந்தது.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு வேன் வந்தது. சாமான் ஏற்ற வந்தவர்கள் வாசலைப் பார்த்தார்கள், தாண்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர் ஆட்கள்தான், முந்தின நாள் சாயங்காலம் அவர்களும் அதில் ஒரு சாண் சாப்பிட்டிருந்தார்கள். உள்ளே பீரோ கட்டியாயிற்று, கட்டில் கழற்றியாயிற்று, உலகுவின் புருஷன் சுப்பையா, கரண்ட் ஆபீசில் இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர், நல்ல நேரம் போகிறது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உலகு ஜன்னலோரம் வந்து, அவ காய்தானே, அவளையே வந்து எடுத்துக்கிடச் சொல்லுங்க என்று, வேடிக்கை பார்க்க வந்திருந்த எஸ்தர் டீச்சரிடம் சொல்லி அனுப்பினாள். டீச்சர் காயோரமாகவே நாலு தெரு நடந்து வந்து சொன்னார். அவ வாசல்ல கெடக்கிறதை அவளே அரிஞ்சு ஆக்கட்டும் என்றாள் ஆவுடை. டீச்சர் நாலு தெரு திரும்பி நடந்தார். அடுப்பு, சட்டி, அருவாமனை எல்லாத்தையும் சாக்குல கட்டியாச்சு, எதுல ஆக்க என்று பதில் வந்தது. டீச்சருக்கு மூச்சு வாங்கியது. இதற்குமேல் தன்னால் நடக்க முடியாது என்று சொல்லி ஆவுடை வீட்டு நடையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, அழுதுகிட்டுதான் சொல்லுதா என்றார்.

அடுப்பில் உலை கொதிக்க ஆரம்பித்திருந்தது. உலை கொதித்தால் ஆவுடை காய் பறிக்கப் போயாக வேண்டும், அது முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம். அவள் எழுந்தாள். தோட்டத்துப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள் நின்று, திரும்பி, உலைப்பானையைத் துணி போட்டு அடுப்பிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அருவாமனையையும் கருஞ்சட்டியையும் டீச்சரிடம் கொடுத்தாள், அரிசி, தேங்காய், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, எண்ணெய், அஞ்சறைப்பெட்டி, உப்பு மரவை எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் போட்டுச் சங்கரபாண்டியன் கையில் கொடுத்தாள், தெருவில் இறங்கினாள். கொதிக்கிற உலை இடுப்பில் தளும்ப, முந்தானை ஒரு பக்கம் இழுபட, காயோரமாகவே நடந்தாள். கிணற்றடித் தெரு முடிந்தது, பள்ளிவாசல் தெரு முடிந்தது, அடிபம்பு முக்கில் இடது பக்கம் திரும்பும்போது அவளுக்குப் பின்னால் நூறு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

உலகு வீட்டு வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, வேனில் ஏற்றாமல் கிடந்த பெட்டிப் பலகையை உடைத்துத் தீ மூட்டி, உலையை வைத்தாள். அரிசி போட்டாள். அருவாமனையை விரித்து உட்கார்ந்து, நடையில் சுருண்டு கிடந்ததில் ஒரு பாகம் அரிந்தாள். சாதம் வடித்தாள். சட்டி காய்ந்தது, கடுகு வெடித்தது, கறிவேப்பிலை போட்டாள், காய் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடினாள், திறந்தாள், தேங்காயும் மிளகாயும் நசுக்கிப் போட்டுக் கிளறினாள். அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே போனது. எல்லாம் முடிந்தது. உப்பு மரவையை மட்டும் அவள் திறக்கவில்லை, எடுத்து நடையில், காய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ஏட்டி உலகு, உப்பை நீ வந்து போடு.”

அடுப்பில் பலகை சடசடத்தது. பிறகு கதவுக்கு உள்ளேயிருந்து, உடைந்துபோன குரலில், “என் கை பட்டா உருப்படாதே” என்று வந்தது.

ஊரே நிற்கிறது என்பதை இந்தத் தடவை ஆவுடை நன்றாகவே பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். “அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னேன், அதனால இன்னைக்கும் எல்லாருக்கும் முன்னாலயே சொல்லுதேன். வாய்க்கொழுப்புல சொன்னேன். அந்த அவியல்தான் பந்தியில மொதல்ல தீர்ந்துச்சு, சம்பந்தி வீட்டுக்காரங்க சட்டியை வழிச்சாங்க. பதினோரு வருஷமா எனக்குத் தெரியும். சொல்லுறதுக்கு எனக்குத் துப்பில்ல.”

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறக்க இடம் வேண்டுமே, நடையில் சுருண்டிருந்த காய் இரண்டாகப் பிரிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கிக்கொண்டது. உலகு வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது, அதை ஆவுடை அன்றைக்குத்தான் பார்த்தாள். அவள் அக்காளைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்து உட்கார்ந்து, மரவையைத் திறந்து, விரலால் உப்பை அள்ளித் தூவி, கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டி, உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு வாயில் வைத்தாள்.

“மிளகா கொறச்சல்” என்றாள். சொல்லிவிட்டு அக்காள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத அழுகையில் வேன் டிரைவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வாய்க்கால் தெருவில் நடந்ததை விருந்து என்றும் சொல்லலாம், கூத்து என்றும் சொல்லலாம். ஒரு படி அரிசியில் நூறு பேர் சாப்பிட முடியாது என்பதால் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டினார்கள். கட்டின சாக்கை அவிழ்த்துப் பாத்திரத்தை எடுத்தார்கள். சாமான் ஏற்ற வந்தவர்கள் தேங்காய் துருவினார்கள். சுப்பையா கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு மூன்று தடவை சோறு வாங்கினார். நல்ல நேரம் போய் ராகுகாலம் வந்து, அதுவும் போனது. இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், பதினோரு வருஷத்தையும் இரண்டு மணி நேரத்துக்குள் பேசித் தீர்த்துவிடப் பார்த்தார்கள், யார் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு முழங்கால் வலி, மருந்துக்கு என்ன சாப்பிடுகிறாய், நடுநடுவே ஏட்டி, நடுநடுவே யக்கா. ஆனாலும் வேன் போகத்தான் வேண்டும். ஓசூரில் வீடு பார்த்தாயிற்று, மகன் பால் காய்ச்சக் காத்திருக்கிறான். மூன்று மணிக்கு உலகு டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அக்காள் கையைப் பிடித்தவள் விடவில்லை.

ஆவுடை மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். குனிந்து, ஊரில் யாரும் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டிருந்த காயின் நுனியை இரண்டு கையாலும் எடுத்து, ஜன்னல் வழியாகத் தங்கை மடியில் வைத்தாள். “பத்திரமாப் பிடிச்சுக்கோ” என்றாள். பீர்முகம்மது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வேன் கிளம்பியது, காயும் கிளம்பியது, வேன் எவ்வளவு வேகம் போனதோ அவ்வளவு வேகம் நீண்டது, கிணற்றடித் தெருக் கடைசியில் புடலைப் பந்தல் கடகடவென்று ஆடுவதாக யாரோ ஓடிவந்து சொன்னார்கள். ஆவுடை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள், சங்கரபாண்டியன் பின்னாலேயே ஓடினார். போய்ப் பார்த்தால் கொடியின் தூரில் மண் வெடித்து வறண்டு கிடந்தது. இரண்டு பேரும் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்ற ஆரம்பித்தார்கள். ஊற்றுகிற தண்ணீர் ஊற்றுகிற கணமே காணாமல் போனது. எஸ்தர் டீச்சர் மூச்சு வாங்கினபடியே ஒரு வாளியோடு வந்தார், அவர் பின்னால் தெரு முழுக்கக் குடமும் வாளியுமாக வந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் போன் வந்தது. அந்தப் பக்கம் காற்றுச் சத்தமும் சிரிப்புமாக இருந்தது.

“யக்கா, திருமங்கலம் தாண்டியாச்சு. ராஜபாளையத்துல இருந்தே ரோட்டோரமெல்லாம் ஆளுக அருவாமனையோட நிக்காங்க. வழியெல்லாம் தாளிக்கிற வாசனை. இன்னும் வந்துகிட்டேதான் இருக்கு.”

“வரட்டும்ட்டி” என்று சொல்லிவிட்டு, ஆவுடை போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அடுத்த குடத்தை எடுத்தாள்.